ஒரு வாரம் தாங்காது

சோலைமலையின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது பொன்னையாவின் காது மட்டும் அந்த வீட்டில் இல்லை. அது கீழே பள்ளத்தில், கொழுந்தைத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரின் இஞ்சின் ரூமுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இருமல் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. அதை ஓட்டியவர் விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அவர் பூட்டிவிட்டுப் போனது மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லா இறுக்கிக் கட்டுப்பா. தளந்துறப் போவுது" என்றார் பக்கத்தில் நின்ற பழனியாண்டிக் கங்காணி.

இறுக்குவதைப் பற்றிப் பொன்னையாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெள்ளக்கல் தோட்டத்து ஸ்டோரில் பத்து வருடமாக பிட்டர் வேலை பார்ப்பவன் அவன். சோலைமலை அதே ஸ்டோரில் இஞ்சின் டிரைவர். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு பேரும் சகலைகள். அக்கா ராக்காயியை அவர் கட்டியிருந்தார், தங்கை மீனம்மாவைப் பதினான்கு வருடத்துக்கு முன் இவன் கட்டியிருந்தான். வேலையிடத்தில் ஒரு படி மேலே இருந்தவர், வீட்டு விசேஷங்களிலும் ஒரு படி மேலே உட்கார்ந்தார். எந்தப் பந்தியிலும் முதல் இலை அவருக்குத்தான்.

இஞ்சின் திரும்ப ஓடத் தொடங்கி இன்று ஏழாம் நாள். பொன்னையா எண்ணிக்கொண்டுதான் இருந்தான்.

போன வாரம் திங்கட்கிழமை இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார்கள். உலக யுத்தத்துக்கு முன்பு சீமையிலிருந்து வந்த டீசல் இஞ்சின் அது. உள்ளே கேஸ்கட் எரிந்துபோய்த் தண்ணீர் எண்ணெயோடு கலந்திருந்தது. கழற்றிய பத்து ஹெட் போல்ட்டுகளையும் பொன்னையா மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தான். ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயாவின் மேசைக் கண்ணாடியை இரவல் வாங்கிவந்து, அதன்மேல் பத்தையும் தலைகீழாக வரிசையில் நிறுத்தி, மேலே இரும்பு ஸ்கேலை வைத்துக் குனிந்து பார்த்தான். மூன்று போல்ட்டுகள் மற்றவற்றைவிட ஒரு மயிரளவு உயர்ந்து நின்றன. அந்த மூன்றிலும் நட்டைப் போட்டு விரலால் திருகினால் பாதி தூரம் வழுக்கிக்கொண்டு போய், பிறகு சிக்கிக்கொண்டது.

"இந்த மூணும் இழுத்துருச்சு அண்ணே. திரும்ப முறுக்குனா ஹெட்டப் புடிச்சு நிக்காது. புதுசுதான் போடணும்" என்றான்.

சோலைமலை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். டீமேக்கர் சிவபாதம் ஐயா பக்கத்தில் நின்றார். கொழுந்து உருட்டும் ரோலர் ஆட்கள் நின்றார்கள். சோலைமலை சிரித்தார்.

"இரும்பு என்னா ரப்பரா தம்பி, இழுக்குறதுக்கு? நீ ஸ்கேல வச்சு அளக்குறே. நான் இருவத்தி ரெண்டு வருசமா இதுகள முறுக்கிக்கிட்டு இருக்கேன். எது புடிக்கும் எது புடிக்காதுன்னு என் மணிக்கட்டுக்குத் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். டீமேக்கருக்கும் அந்தப் பேச்சு இனித்தது. சீமைச் சாமான்களுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டிருந்த வருடம் அது. கொழும்புக்கு எழுதிப்போட்டால் போல்ட் வந்துசேர இரண்டு மாதம் ஆகும். அதுவரைக்கும் பறித்த கொழுந்தை லொறியில் ஏற்றிப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பிக்கொண்டு இருக்க முடியுமா? பழைய போல்ட்டுகளையே போடுவது என்று முடிவானது.

"ஒரு வாரம் தாங்காது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான் பொன்னையா. பத்துப் பேர் காதில் விழும்படியாகத்தான் சொன்னான்.

வியாழக்கிழமை ஹெட்டைப் பூட்டியபோது அவன் போகவில்லை. வயிற்றுவலி என்று லயத்து வீட்டில் படுத்துக்கொண்டான். வயிற்றில் இருந்தது வலி இல்லை, எரிச்சல் என்பது மீனம்மாவுக்குத் தெரியும். சோலைமலை தனியாகவே பூட்டினார். உதவிக்கு வந்த ஆட்களைக்கூடச் சாப்பிட அனுப்பிவிட்டாராம். வெள்ளிக்கிழமை இஞ்சின் ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து பொன்னையா காதைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தான், இஞ்சின் நிற்கவில்லை. சோலைமலைதான் நின்றுபோனார். அதிலும் முந்திக்கொண்டார் என்று ஒரு நினைப்பு வந்தது. பொன்னையா அதற்கு வெட்கப்பட்டான், ஆனால் அந்த நினைப்பு போகவில்லை.

வீட்டுக்கு முன்னால் தப்பு முழங்கியது. சனம் வந்துகொண்டே இருந்தது. அக்கரப்பத்தனைப் பக்கத்து ஏழெட்டுத் தோட்டங்களின் இஞ்சின் ஆட்கள் வந்தார்கள். தூரத்து ஊரான நல்லதண்ணியிலிருந்து ஒரு கூட்டம் பஸ் மாறி மாறி வந்தது. தோட்டத்துப் பெரிய துரையே காரை ரோட்டில் நிறுத்திவிட்டு ஏறிவந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். மத்தியானத்துக்கு மேல் மலையில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நேற்றுப் பறித்த கொழுந்து மாடியில் வாடிக் கிடப்பதால் ஸ்டோர் மட்டும் நிற்கக் கூடாது.

நான் செத்தால் துரை தொப்பியைக் கழற்றுவாரா என்று பொன்னையா யோசித்தான். கழற்ற மாட்டார். நல்லதண்ணியிலிருந்து ஆள் வருமா? அங்கே தன்னைத் தெரிந்தவன் ஒருத்தன்கூட இல்லை.

பெண்கள் கட்டிக்கொண்டு அழுத கூட்டத்தில் மீனம்மாவின் குரல் தனியாகக் கேட்டது. "என் மச்சான் கை பட்டா செத்த இரும்பும் மூச்சு விடுமே... இனி எந்தக் கை தொட்டு எழுப்பப் போவுது" என்று அவள் நீட்டி அழுதாள். தன் வீட்டிலேயே ஒரு பிட்டர் இருப்பது அவள் ஒப்பாரியில் எங்கும் வரவில்லை.

ராக்காயி சத்தம் போட்டு அழவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"நெஞ்ச வலிக்குதுன்னு சொன்னாருங்க. போன வாரம் பொதன்கெழம லீவு போட்டு ஹட்டனுக்கு டாக்டரப் பாக்கத்தான் போனாரு. கூட்டமா இருந்துச்சு, பாக்க முடியலேன்னு அந்திக்கு வெறுங்கையோட வந்துட்டாரு. இன்னொரு நா போறேன்னாரு. போகவே இல்லையே."

உடலைக் குளிப்பாட்டுவதற்காக வெளியே பலகையில் கிடத்தினார்கள். பொன்னையா தலைப்பக்கம் பிடித்தான். முதல் குடம் தண்ணீரை ஊற்றியபோது இஞ்சின் சத்தம் நின்றது.

தப்புக்காரர்கள்கூட ஒரு கணம் கையை நிறுத்திவிட்டுப் பள்ளத்தைப் பார்த்தார்கள். ஏழாம் நாள்! சொன்னேனே, சொன்னேனே என்று பொன்னையாவுக்குள் ஒருவன் துள்ளினான். இப்போது எல்லோரும் தன் பக்கம் திரும்புவார்கள் என்று நிமிர்ந்து நின்றான்.

ஒருத்தர்கூடத் திரும்பவில்லை.

"பாத்தீங்களா? அவரு மேல தண்ணி பட்டதும் அது நின்னுருச்சு" என்றார் பழனியாண்டிக் கங்காணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இருவத்திரெண்டு வருசப் பழக்கமில்லையா. இரும்புக்கும் தெரியுதுப்பா."

பெண்கள் பக்கம் அழுகை புதிதாகக் கிளம்பியது. இஞ்சின் துக்கம் காக்கிறதாம். போல்ட் இழுத்துக்கொண்டு நின்றிருக்கும் என்று சொல்ல அங்கே ஒரு வாய் இல்லை. பொன்னையா பல்லைக் கடித்துக்கொண்டு செத்தவரின் தலையைத் துவட்டினான்.

கொஞ்ச நேரத்தில் ஸ்டோரிலிருந்து மூக்கன் மூச்சிரைக்க ஏறிவந்தான். "பொன்னையாண்ணே, டீமேக்கர் ஐயா ஒங்கள ஒடனே வரச் சொல்றாரு. ஹெட்டுக்கிட்டத் தண்ணி ஒழுகுது."

பொன்னையா ஈர வேட்டியோடு இறங்கினான். குறுக்குப் பாதையில் ஓடினான் என்றே சொல்ல வேண்டும். சாவு வீட்டிலிருந்து அப்படி ஓடக் கூடாது என்று பாதி வழியில்தான் நினைவு வந்தது.

இஞ்சின் ரூம் வாசலில் சிவபாதம் ஐயா நின்றார்.

"என்ன பொன்னையா, நீர் சொன்னது சரியாப் போச்சுது போல கிடக்கு. ஹெட்டடியில தண்ணி கசியுது. நான் நிப்பாட்டிப் போட்டன். செத்த வீட்டில நிண்ட உம்மைக் கூப்பிட்டதைக் குறையா நினையாதையும். மாடி முழுக்கக் கொழுந்து கிடக்கு, விட்டால் புளிச்சுப்போம்."

"பாக்குறேங்க ஐயா."

"இன்னொண்டு. இனி இஞ்சினுக்கு ஆர் எண்டு துரை காலமையே கேட்டவர். டயகமவில நல்லமுத்து எண்டு ஒருத்தன் இருக்கிறானாம், அவனை எடுப்பம் எண்டு கதை. போல்ட் விசயத்தில நீர் சொன்னதுதான் சரியெண்டால், நான் துரையிட்ட உம்மைத்தான் சொல்லுவன். சரியாப் பார்த்துச் சொல்லும்."

பொன்னையாவுக்குக் காது சூடாகியது. இஞ்சின் டிரைவர் வேலை. அதோடு வரும் தனி வீடு. இப்போது தப்பு முழங்கிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு அறை வீடு. சோலைமலையின் மணிக்கட்டைவிடத் தன் ஸ்கேல்தான் பெரிது என்று தோட்டம் முழுக்கத் தெரியும் நாள். எல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீரில் வந்து நின்றிருந்தது.

அவன் கதவைச் சாத்திக்கொண்டு இஞ்சின்மேல் குனிந்தான். ஹெட்டின் ஓரமாகத் தண்ணீர் இறங்கியிருந்தது உண்மைதான். அந்த ஈரத்தை விரலால் தடவிக்கொண்டே மேலே போனான். ஈரம் ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்திலிருந்து வரவில்லை. அதற்கு மேலேயிருந்து வந்தது. தண்ணீர்க் குழாய் வந்து சேரும் மூட்டில் ரப்பர் பெக்கிங் வெடித்திருந்தது. அங்கிருந்து ஒழுகித்தான் ஹெட்டின் ஓரமாக இறங்கியிருந்தது. அவ்வளவுதான். ஒரு துண்டு ரப்பர் வெட்டிவைத்தால் பத்து நிமிட வேலை.

பொன்னையாவுக்கு அழுகை வரும்போல் இருந்தது. அதிகாலையிலிருந்து வராதது அப்போது வரப் பார்த்தது.

ரப்பரை வெட்டி வைத்து மூட்டை இறுக்கினான். அதோடு வந்திருக்கலாம். மனம் கேட்கவில்லை. அந்த மூன்றில் ஒன்றாவது தளர்ந்திருக்காதா? பெரிய ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு போல்ட்டாக மாட்டி அசைத்துப் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று. அசையவில்லை. நாலாவதில் ஸ்பேனர் மற்றதுகளில் மாட்டிய மாதிரி இல்லை. கச்சிதமாக, துளிகூட ஆட்டம் இல்லாமல் பிடித்தது. பழைய போல்ட்டுகளின் தலையெல்லாம் இருபத்திரண்டு வருடமாக ஸ்பேனர் பட்டு மூலைகள் மழுங்கியவை. இதன் மூலைகள் விரலைக் கீறின.

கையிலிருந்த துணியால் அதைத் துடைத்தான். துணி கருகருவென்று ஆனது. மற்ற போல்ட்டுகளின் கறுப்பு இரும்போடு இரும்பாக வெந்த கறுப்பு, துடைத்தால் போகாது. இது விளக்குக் கரி. எண்ணெயில் குழைத்து, விரலால் பூசிய கரி. அதற்குக் கீழே போல்ட் புத்தம் புதிதாக வெள்ளையாகப் பளபளத்தது.

ஏழாவதைத் துடைத்தான். புதியது. எட்டாவது, அதுவும் புதியது. மற்ற ஏழும் பழையவை. அவன் கண்ணாடிமேல் நிறுத்திப் பிரித்துவைத்த அதே மூன்றுக்கும் பதிலாக வந்தவை.

பொன்னையா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எண்ணெய் டின் மேல் உட்கார்ந்தான்.

புதன்கிழமை. ஹட்டன். டாக்டரைப் பார்க்க முடியாமல் வெறுங்கையோடு திரும்பினாராம். எத்தனை இரும்புக் கடை ஏறி இறங்கினாரோ, எவன் கையைக் காலைப் பிடித்தாரோ, அந்த அளவில் மூன்று போல்ட்டைத் தேடிப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். வலித்த நெஞ்சு வலித்தபடியே வந்திருக்கிறது. மறுநாள் எல்லோரையும் சாப்பிட அனுப்பிவிட்டு, அந்தப் பெரிய மனிதர், துரைக்கே தொப்பியைக் கழற்ற வைக்கிற மனிதர், இந்த ரூமில் தனியாக உட்கார்ந்து குப்பி விளக்கைப் பற்றவைத்துப் புது இரும்புக்குக் கரி பூசியிருக்கிறார். எதற்காக? சின்னவன் சொன்னது சரி என்று சின்னவனுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக.

பொன்னையாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அட பாவி மனுஷா! உனக்குமா? பதினான்கு வருடமாக நான் உன்னைப் பார்த்து வெந்தேன். நீயும் என்னைப் பார்த்து வெந்துகொண்டா இருந்தாய்? ஒரு வார்த்தை, ஒரு பார்வையில்கூடக் காட்டவில்லையே! அவனுக்கு வந்தது சந்தோஷம்தான், சந்தேகமே இல்லை. வாழ்க்கையில் யாரும் அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை. பட்ட ஒரே ஆள் மேலே வெள்ளைத் துணிக்குள் கிடக்கிறார்.

கதவுக்கு வெளியே டீமேக்கரின் செருப்புச் சத்தம் அங்குமிங்கும் நடந்தது. கூப்பிட்டுக் காட்டினால் போதும். மூன்று போல்ட்டும் பளபளவென்று நின்றன. இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கூப்பிடத்தான் வாயெடுத்தான். ஆனால் பொன்னையாவுக்குத் தன் சனத்தைத் தெரியும். கேட்டதும் என்ன சொல்வார்கள்? தப்பு என்று தெரிந்ததும் தன் கைக்காசைப் போட்டு, யாருக்கும் சொல்லாமல் சரி பண்ணியிருக்கிறார் பாருங்கள், என்ன பெரிய மனசு என்பார்கள். மீனம்மா அதற்கு ஒப்பாரியில் ஒரு அடி புதிதாகக் கட்டி அழுவாள். கடைசியில் இதுவும் அவர் கணக்கில்தான் போய்ச் சேரும். அதோடு ராக்காயி மதினி கேட்பாள். டாக்டரிடம் போகாமல் போல்ட்டுக்கா அலைந்தார் என்று கேட்பாள். அதற்கு யார் பதில் சொல்வது?

அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. இது அவனுக்கு மட்டும் கிடைத்தது. துரைக்கும் கங்காணிக்கும் நல்லதண்ணிக்காரர்களுக்கும் தெரிந்த சோலைமலை வேறு. விளக்கு முன்னால் உட்கார்ந்து கரி பூசிய சோலைமலை பொன்னையாவுக்கு மட்டும் உரியவர். அவரை எவனுக்கும் பங்கு வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

மாடத்திலிருந்த குப்பி விளக்கை எடுத்துப் பற்றவைத்தான். திரியைத் தூண்டிவிட்டு, ஒரு தகர மூடியை அதன்மேல் பிடித்தான். கரி படிந்தது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு விரலால் குழைத்து, நாலாவது, ஏழாவது, எட்டாவது போல்ட்டுகளுக்கு மூலை முடுக்கு விடாமல் பூசினான். சோலைமலை எட்டாவதின் அடிப்பக்கத்தைச் சரியாகப் பூசாமல் விட்டிருந்தார். பொன்னையா அதையும் சேர்த்துப் பூசினான்.

பிறகு இஞ்சினை ஓடவிட்டு, ஒழுகவில்லை என்று பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தான்.

"என்ன, போல்ட்டோ?" என்றார் சிவபாதம் ஐயா.

"இல்லீங்க ஐயா. தண்ணிக் கொழாய் மூட்டுல ரப்பரு வெடிச்சிருந்திச்சு. மாத்திட்டேன். போல்ட்டெல்லாம் நல்லாப் புடிச்சிருக்கு."

"பழைய போல்ட்டோ?"

"பழசுதாங்க."

"அப்ப நீர் சொன்னது பிழை."

பொன்னையா கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "பெழதாங்க" என்றான்.

டீமேக்கர் தலையை ஆட்டினார். "என்ன இருந்தாலும் சோலைமலை சோலைமலைதான்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போனார். பொன்னையாவுக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது. அதெல்லாம் ஒரு நாளில் போகிற வியாதியா?

அவன் மேலே வந்தபோது பாடை தயாராக இருந்தது. டயகமவிலிருந்து சோலைமலையின் மகன் சின்னத்தம்பி வந்து, மொட்டை போட்டு, ஈரத்துணியோடு நின்றான். பழனியாண்டிக் கங்காணி கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கேளுங்க, இஞ்சின் திரும்ப ஓடுது. போறேன்னு உத்தரவு குடுத்துட்டாருய்யா."

ராக்காயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் வந்தாள்.

"தம்பி, அவரு பூட்டுனது வுட்டுப்போச்சா? அதுக்குத்தான் ஒங்களக் கூப்புட்டாங்களா?"

"இல்ல மதினி. எல்லாம் சரியாத்தான் பூட்டியிருக்காரு. அது வேற ஒரு சில்லற வேல."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். மீனம்மாவும் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். சோலைமலையைப் பற்றி அவன் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை இரண்டு பேரும் கேட்டதில்லை. "கையக் கழுவிட்டு வாங்க, வாய்க்கரிசி போடணும்" என்றாள் மீனம்மா, மெதுவாக.

தண்ணீர் கொட்டும் பீலியில் தேங்காய்நார் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து அரிசி போட்டான். பாடையைத் தூக்கும்போது முன்பக்க வலது கொம்புக்கு நாலைந்து பேர் வந்தார்கள். பொன்னையா அவர்களை முழங்கையால் ஒதுக்கிவிட்டுத் தோளைக் கொடுத்தான்.

மயானம் ஆறாம் நம்பர் மலைக்கு மேலே. தேயிலைக்கு நடுவே பாதை நெட்டுக்குத்தாக ஏறும். ஒவ்வொரு வளைவிலும் தோள் மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். முழுத் தூரமும் ஒருத்தனால் முடியாது. முதல் வளைவில் மற்ற மூன்று பேரும் மாறினார்கள். "குடுங்கண்ணே" என்று ஒருவன் பொன்னையாவிடம் கேட்டான். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது வளைவில் நல்லதண்ணிக்காரர் ஒருவர், நாங்களும் ஒரு கை பிடிக்க வேண்டாமா என்று மனத்தாங்கலோடு கேட்டார். பொன்னையா தலையை மட்டும் ஆட்டினான். மூன்றாவது வளைவில் பனி இறங்கியது, பாதை வழுக்கியது. அவன் மூச்சு வாங்குவது பின்னால் வந்தவர்களுக்குக் கேட்டது. மூக்கன் ஓடிவந்து மூங்கிலுக்கு அடியில் கையைக் கொடுத்து, "விடுங்கண்ணே, தோலு உரிஞ்சிருச்சு" என்றான்.

பொன்னையா அந்தக் கையைத் தட்டிவிட்டான். மூங்கிலைக் கழுத்தோரமாக இன்னும் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு அடுத்த வளைவுக்கு ஏறினான்.